சின்னக் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சியை அறிவிப்பது எப்படி: ஜூன் மாத நாட்காட்டி முதல் குண்டூசி வரை

தாலுகா ஊர் ஒன்றில் இருக்கும் கலை, அறிவியல் கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான மாணவர்கள், ஒரே ஒரு கலையரங்கம், ஒரு மைக் செட், அதை இயக்கத் தெரிந்த ஓர் உதவியாளர். நிகழ்ச்சிகளுக்கு மட்டும் குறைவிருக்காது. துறைக்கு ஒரு மன்றம், நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவை, ரெட் ரிப்பன் கிளப், வேலைவாய்ப்புப் பிரிவு, நூலகம், இவை போதாதென்று திடீரென்று மேலிருந்து வரும் சுற்றறிக்கைகள். இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கும் பொறுப்பு பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் தலையில்தான் விழும். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது.

முதல் வருடமே ஒரு பாடம். சிறப்புரைக்கு ஒருவர் மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார். முந்நூறு நாற்காலி போட்ட அரங்கில் நாற்பது பேர். அறிவிப்பு ஒரு வாரமாகப் பலகையில் இருந்தது, வகுப்புகளிலும் படித்தாயிற்று. பிறகு விசாரித்தால், நிகழ்ச்சி 2 மணிக்கு, கிராமத்துப் பேருந்து 2.10க்கு. அதை விட்டால் அடுத்தது 5 மணிக்குத்தான். எத்தனை மணிக்கு முடியும் என்று அறிவிப்பில் எங்கேயும் இல்லை. மாணவர்கள் அறிவிப்பைப் படித்தார்கள், கணக்குப் போட்டார்கள், பஸ் ஏறிவிட்டார்கள். அதில் அவர்கள் தப்பு என்ன?

அன்றிலிருந்து அறிவிப்பை ஒரு தகவலாக நான் நினைப்பதில்லை. மாணவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே சொல்லும் பதில் அது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

படி 1: ஆகாத நாட்களை முதலில் அடியுங்கள்

ஜூனில் கல்லூரி நாட்காட்டி கைக்கு வந்ததும் எல்லோரும் முக்கிய தினங்களைக் குறிப்பார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். சிவப்புப் பேனாவை எடுத்து, நிகழ்ச்சி வைக்கவே கூடாத நாட்களை முதலில் அடித்துவிடுங்கள்.

அகமதிப்பீட்டுத் தேர்வுகள், அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்கள், செய்முறைத் தேர்வு வாரம். நவம்பரிலும் ஏப்ரலிலும் பல்கலைக்கழகத் தேர்வு. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அன்று பாதிப் பேர் அலுவலக வரிசையில்தான் நிற்பார்கள்.

அப்புறம் ஊர். உள்ளூர்த் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார், அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சனிக்கிழமையில் ‘எப்படியும் வேலை நாள்தானே’ என்று கருத்தரங்கு வைக்காதீர்கள், வருகை பாதிதான் இருக்கும். ஆவணி, தை, வைகாசியில் முகூர்த்த நாட்களைத் தினசரிக் காலண்டரில் பார்த்து அடித்துவிடுங்கள். அன்று விருந்தினர் கிடைக்க மாட்டார், வாடகைக் கார் கிடைக்காது, உங்கள் சக ஆசிரியரும் ஏதாவது கல்யாணத்தில் இருப்பார். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகை நேரம், அதில் கை வைக்காதீர்கள். ரமலான் மாதம் எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். அந்த மாதத்தில் மதிய விருந்தோடு விழா வைத்துவிட்டு நோன்பிருக்கும் மாணவர்களைப் பார்த்து விழித்தவன் நான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அடிக்க வேண்டாம், ஆனால் ஒரு குடைப் படம் போட்டு வையுங்கள். அந்த நாட்களில் திறந்தவெளி நிகழ்ச்சி ஆகாது.

இப்போது மிச்சம் இருப்பதைப் பாருங்கள். முதல் பருவத்தில் உருப்படியாக இருபது, இருபத்தைந்து நாள் தேறினால் அதிகம். அதில்தான் முக்கிய தினங்களைப் பொருத்த வேண்டும். ஜூன் 21 யோகா நாள் வரும்போது முதலாமாண்டு மாணவர்கள் பல இடங்களில் வகுப்புக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 12 நூலகர் தினம், அது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பிறந்த நாள். இது நல்ல நேரத்தில் வருகிறது, நூலகக் கண்காட்சிக்குப் பொருத்தம். செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள், திட்டம் 1969இல் தொடங்கியது. அதுவும் பரவாயில்லை. நவம்பர் 26 அரசியலமைப்பு நாளோ தேர்வின் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேடையும் விருந்தினரும் தேவையில்லை, காலையில் முகப்புரையை எல்லோரும் சேர்ந்து வாசிக்க ஐந்து நிமிடம் போதும்.

டிசம்பர் 22 கணித நாள், ஜனவரி 25 வாக்காளர் நாள், பிப்ரவரி 28 அறிவியல் நாள், மார்ச் 8 மகளிர் நாள் என்று இரண்டாம் பருவம் நிரம்பி வழியும். இடையில் பொங்கல் விழா, விளையாட்டு விழா, ஆண்டு விழா. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். அந்த வாரம் உங்களுக்கு நாற்காலி தூக்கும் பையன்கள் எல்லாரும் தத்துக் கிராமத்தில் இருப்பார்கள், மறக்காதீர்கள். ஒரு தினத்தை அன்றே கொண்டாட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அறிவியல் நாள் சொற்பொழிவை மார்ச் 3ஆம் தேதி வைத்தால் ராமன் விளைவு ஒன்றும் மாறிவிடாது.

படி 2: ஒரே டைரி, ஒரே ஆள்

அரங்கம் ஒன்றுதான் என்றால் அதற்கு டைரியும் ஒன்றுதான் இருக்க வேண்டும். முதல்வர் அறையில் ஒன்று, அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒன்று என்று வைத்தால் தமிழ்த்துறையின் கவியரங்கமும் வணிகவியல் துறையின் வினாடி வினாவும் ஒரே காலையில் ஒரே மேடையில் மோதும். கூகுள் காலண்டர் வைத்துக்கொள்ளலாம், நல்லதுதான். ஆனால் எங்கள் அனுபவத்தில் நூலக மேசையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நீளநோட்டுதான் வேலை செய்தது. பென்சிலில் எழுதினால் உத்தேசம், பேனாவில் எழுதினால் உறுதி. பேனாவில் எழுத முதல்வரின் கையெழுத்து வேண்டும். இவ்வளவுதான் விதி.

படி 3: நிகழ்ச்சியை அறிவிக்கும் முன் அதன் நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிருந்து ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: இரத்ததான முகாம். எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பது, அறிவிப்பில் எல்லாரும் கோட்டை விடுவதும் இதில்தான்.

தேசியத் தன்னார்வ இரத்ததான நாள் அக்டோபர் 1. அதற்காக அன்றே வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அது புரட்டாசி. விரதம் இருப்பவர்கள் பலர், நவராத்திரியும் அந்தச் சுற்றில்தான் வரும். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்கக் கூடாது. அதனால் நாங்கள் ஆவணிக் கடைசிக்கு, அதாவது செப்டம்பர் முன்பாதிக்கு முகாமை நகர்த்தினோம்.

அடுத்தது யார் கொடுக்கலாம் என்பது. வயது 18 முடிந்திருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. போன முறை கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும். இதில் முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். பிளஸ் டூ முடித்து நேராக வரும் முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு செப்டம்பரில் வயது 17தான். அதை முன்பே சொல்லாவிட்டால் அவர்கள் ஆசையாக வந்து ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, கடைசியில் மேசையிலிருந்து திருப்பி அனுப்பப்படுவார்கள். பெண்களில் பலர் ஹீமோகுளோபின் பரிசோதனையில் திரும்புவார்கள். அதைக் கூட்டத்தின் நடுவே சத்தமாகச் சொல்லாமல் இருக்கச் சொல்லி, மருத்துவக் குழுவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அரசு மருத்துவமனை இரத்த மையத்துக்குக் கடிதம் கொடுக்கும்போது எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பார்கள். பெருமைக்காக இருநூறு என்று சொல்லாதீர்கள். அவர்கள் அதற்கேற்ப ஆளும் பையும் எடுத்து வருவார்கள். பெயர் கொடுத்தவர்களில் பாதியைச் சொல்லுங்கள்.

எந்த நிகழ்ச்சியானாலும் இதே வேலை உண்டு. வேலைவாய்ப்பு முகாம் என்றால் எந்தத் துறை, அரியர் இருந்தால் ஆகுமா, என்னென்ன சான்றிதழ் நகல். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை விண்ணப்பம் என்றால் 6 முதல் 12 வரை எங்கே படித்ததற்கான சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இதெல்லாம் தெரியாமல் எழுதும் அறிவிப்பு, அலுவலக ஜன்னலில் நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

படி 4: அறிவிப்பை எழுதுதல்

வழக்கமாக ஒட்டப்படும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

“நமது கல்லூரியின் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பாக மாபெரும் இரத்ததான முகாம் வரும் செவ்வாய்க்கிழமை நடைபெற உள்ளதால் மாணவ மாணவியர் அனைவரும் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ‘வரும் செவ்வாய்’ எது? வியாழக்கிழமை ஒட்டியதை மறுவாரம் புதன்கிழமை படிப்பவருக்கு அது அடுத்த வாரம். எங்கே, எத்தனை மணிக்கு, யார், வகுப்புக்கு என்ன ஆகும் என்று எதுவும் இல்லை. ‘அனைவரும்’ என்று வேறு சொல்லிவிட்டோம், 17 வயதுக்காரரையும் சேர்த்து.

மாற்றி எழுதிப் பார்ப்போம்:

“இரத்ததான முகாம்
செப்டம்பர் 9, செவ்வாய் (டே ஆர்டர் 3), காலை 9.30 முதல் 12.30 வரை
இடம்: தரைத்தள கருத்தரங்கக் கூடம், நூலகத்துக்கு எதிரில்
18 வயது நிறைந்த, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் கொடுக்கலாம். மாத்திரை சாப்பிடுபவர்கள், சமீபத்தில் காய்ச்சல் வந்தவர்கள் மருத்துவரிடம் முதலில் சொல்லவும்.
காலை உணவு கட்டாயம். கொடுத்தபின் 15 நிமிடம் ஓய்வு, பழச்சாறும் பிஸ்கட்டும் உண்டு.
பெயர் கொடுத்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் பாடவேளைக்கு ஓ.டி. உண்டு. மற்றவர்களுக்கு வகுப்பு வழக்கம்போல்.
பெயர் கொடுக்க: செப்டம்பர் 4 மாலைக்குள், உங்கள் வகுப்புப் பிரதிநிதியிடம்.”

அலங்காரம் இல்லை என்று தமிழ்த்துறையில் ஒருவர் குறைப்பட்டார். உண்மைதான். அலங்காரத்தை மேடையில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு சமாச்சாரங்கள். ஒன்று, டே ஆர்டர். கிழமைப்படி அல்லாமல் ஆறு நாள் சுழற்சியில் கால அட்டவணை போடும் கல்லூரிகளில் மாணவர் மனதில் ஓடுவது கிழமை அல்ல, ‘அன்னைக்கு டே ஆர்டர் என்ன, லேப் இருக்கா’ என்பதுதான். அதையும் எழுதிவிடுங்கள். இரண்டாவது, ஓ.டி., அதாவது ‘ஆன் டியூட்டி’: கல்லூரி வேலையாகப் போனதால் வகுப்பில் இல்லாவிட்டாலும் வந்ததாகக் கணக்கு. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதில் சிக்கல் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. நிகழ்ச்சிக்கு வந்தால் வருகை கிடைக்குமா கிடைக்காதா என்று அறிவிப்பிலேயே சொல்லாவிட்டால் நல்ல மாணவர்கள்கூட வர மாட்டார்கள். அதைச் சொல்வதற்கு முன் துறைத் தலைவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சொல்லிவிட்டுப் பிறகு கிடைக்காமல் போனால், உங்கள் அடுத்த அறிவிப்பை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கிராமத்துப் பேருந்தில் வரும் ஒரு மாணவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்கான பதிலை அறிவிப்பில் சேருங்கள்.

படி 5: கொண்டு சேர்த்தல்

நான்கு வழி உண்டு: வகுப்பு வகுப்பாகப் போகும் சுற்றறிக்கை நோட்டு, பலகை, வாட்ஸ்அப், காலை மைக். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

சுற்றறிக்கை நோட்டை அலுவலக உதவியாளர் கொண்டுவருவார், ஆசிரியர் படித்துக் கையெழுத்திட வேண்டும். பாதி நேரம் ஆசிரியர் பாடத்தை நிறுத்த மனமில்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் ‘பிறகு சொல்கிறேன்’ என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பாடவேளையின் தொடக்கத்தில் அனுப்புங்கள், அறிவிப்பை எட்டு வரிக்குள் வையுங்கள், படித்துவிடுவார். இரண்டு ஷிப்ட் உள்ள கல்லூரி என்றால் மாலை ஷிப்டுக்குத் தனியாகப் போக வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது அவர்கள்தான்.

வாட்ஸ்அப் வேகமானது, ஆனால் துறைக் குழு, வகுப்புக் குழு, மன்றக் குழு என்று ஒரே செய்தி ஐந்து முறை வந்தால் ஆறாவதை யாரும் திறப்பதில்லை. வகுப்புக் குழு ஒன்றில் மட்டும் போடுங்கள். படமாக அனுப்பினால் கீழே எழுத்திலும் அதே விவரத்தைப் போடுங்கள். பிறகு தேடினால் எழுத்துதான் கிடைக்கும், படம் நூறு ‘குட் மார்னிங்’ படங்களுக்குள் புதைந்துபோயிருக்கும். சொந்தமாக செல்பேசி இல்லாத மாணவர்களும் வகுப்புக்கு ஓரிருவர் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அவர்களுக்காகவே பலகை.

கால இடைவெளி: பத்து நாள் முன்பு முழு அறிவிப்பு, மூன்று நாள் முன்பு பெயர்ப் பட்டியல், முந்தைய நாள் மாலை ஒரு வரி நினைவூட்டல், அன்று காலை மைக்கில் இடமும் நேரமும் மட்டும். இதற்கு மேல் சொன்னால் தொல்லை.

படி 6: அழைப்பிதழ்

விருந்தினர் வரும் விழாவுக்கு அழைப்பிதழ் வேண்டும். இங்கேதான் இரத்த அழுத்தம் ஏறும்.

உள்ளூர் டி.டி.பி. கடையில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் யூனிகோடில் அழகாகத் தட்டி அனுப்புவீர்கள். அதை அவர்கள் அந்த எழுத்துருவில் ஒட்டினால் புரியாத எழுத்துகளாக வரும். உடனே மாற்றி மென்பொருளில் போடுவார்கள், அல்லது மொத்தத்தையும் திரும்பத் தட்டுவார்கள். இரண்டிலும் பிழை நுழையும். ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் கால் வரும், ஒற்றெழுத்து காணாமல் போகும், தலைப்பெழுத்து மாறும். எனவே உங்கள் மூலப் பிரதி சரியாக இருப்பது போதாது. அச்சுக்குப் போகும் படியை பி.டி.எஃப். ஆக வாங்கி, தாளில் எடுத்து, நீங்கள் படிக்கக் கேட்டு இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். பட்டங்களை அவரவரிடமே கேட்டு வாங்குங்கள். ஒருமுறை எங்கள் அழைப்பிதழில் ‘நன்றியுரை’க்கு மேலே இருக்க வேண்டிய பெயர் கீழே போய், வராத ஒருவர் நன்றி சொல்வதாக அச்சாகிவிட்டது.

பெயர் வரிசை ஒரு தனி அரசியல். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை என்று எழுதி முதல்வரிடமும் செயலரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உங்கள் சொந்த நியாயத்தை அதில் நுழைக்காதீர்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலமென்றால் மக்கள் பிரதிநிதிகளை அழைக்கும் யோசனையைத் தேர்தல் முடியும்வரை தள்ளி வையுங்கள். கல்லூரி மதிலுக்கு வெளியே பேனர் வைக்க அனுமதி வாங்க வேண்டும். உள்ளே ஒரு மேடைப் பேனர் போதும் என்பது என் கட்சி.

படி 7: அன்றைய நிமிடக் கணக்கு

90 நிமிட நிகழ்ச்சி என்று அறிவித்தால் தாளில் கணக்குப் போடுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. அதை ஒலிப்பதிவில் போடாமல் மாணவர்களையே பாடப் பயிற்றுங்கள். மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்பதையும் தொகுப்பாளர் அறிந்திருக்கட்டும். வரவேற்புரை 5, தலைமையுரை 7, விருந்தினர் அறிமுகம் 3, பொன்னாடையும் நினைவுப் பரிசும் 5, சிறப்புரை 40, கேள்விகள் 15, நன்றியுரை 3, நாட்டுப்பண் 52 விநாடி. கூட்டினால் 80 வரும். மிச்சம் பத்தும் மைக் சரிசெய்யப் போய்விடும். வாழ்த்துரை என்று மூன்று பேரைச் சேர்த்தால் அந்த நேரம் சிறப்புரையிலிருந்துதான் கழியும், அல்லது மாணவர்களின் பேருந்திலிருந்து.

தேநீருக்கு பிளாஸ்டிக் தம்ளர் வேண்டாம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. கேன்டீனில் எவர்சில்வர் தம்ளர் கேட்டால் கொடுப்பார்கள், கழுவ ஆள் மட்டும் சொல்ல வேண்டும்.

படி 8: மழையும் மாற்றமும்

நவம்பர் காலை ஆறு மணி. ஆட்சியர் அறிவிப்புக்காக மாவட்டமே காத்திருக்கும். அதில் ஒரு சொல்லைக் கவனமாகப் படியுங்கள்: ‘பள்ளிகளுக்கு’ மட்டுமா, ‘பள்ளி, கல்லூரிகளுக்கா’? அவசரத்தில் பாதி படித்து ‘கல்லூரிக்கு லீவு’ என்று குழுவில் போட்டு, வந்திருக்க வேண்டியவர்களையும் வரவிடாமல் செய்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. முதல்வர் உறுதி செய்யும்வரை எதையும் முன்னனுப்பாதீர்கள். மழைக்கால நிகழ்ச்சிக்கு அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: ‘அன்று விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் அதே நேரம், அதே இடம்.’

நேரமோ இடமோ மாறினால் பழைய அறிவிப்பில் பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். பழையதைக் கிழித்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள், மேலே ‘மாற்றம்’ என்று பெரிதாக எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் பழைய செய்தியை எல்லோருக்கும் அழிக்க முடிந்தால் அழித்துவிடுங்கள். விருந்தினருக்குச் செய்தி அனுப்பினால் போதாது, போன் செய்யுங்கள்.

படி 9: முடிந்த பிறகு

அன்று மாலையே மூன்று வேலை. வருகைப் பட்டியலைத் துறைகளுக்கு அனுப்பி ஓ.டி.யை உறுதி செய்வது, இடமும் நேரமும் பதிந்த நான்கு புகைப்படங்களோடு ஒரு பக்க அறிக்கையை அகத்தர உறுதிப் பிரிவுக்குக் கொடுப்பது, நாளிதழ் நிருபருக்கு நூறு சொல்லில் செய்தி. கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் (NAAC) குழு வரும் வருடத்தில் அறிக்கை தேடி அலமாரியைக் கவிழ்ப்பதைவிட, அன்றே எழுதிய ஒரு பக்கம் மேல். படம் தேர்ந்தெடுக்கும்போது மேடையை மட்டும் எடுக்காமல், கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களையும் எடுங்கள். இரத்ததானப் படங்களில் படுத்திருப்பவரின் சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

நீளநோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே எத்தனை பேர் வந்தார்கள், எது சொதப்பியது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த ஜூனில் யார் தலையில் இந்த வேலை விழுந்தாலும் அவருக்கு அது உதவும்.

மறுநாள் காலை பலகையிலிருந்து பழைய அறிவிப்பை எடுத்துவிடுங்கள். குண்டூசிகளைச் சட்டைப்பையில் போட்டு வையுங்கள். அடுத்த அறிவிப்பு ஒட்டப் போகும்போது அலுவலகத்தில் ஒன்றுகூட இருக்காது.